அடை வைக்கும் முன்பே சேவலுக்கு ஒரு முடிவு

(குமணன்சாவடியில் நடந்த கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், கோழி வளர்க்கும் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



1983-ல் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் தொடங்கப்பட்டது. 1989-ல் தருமபுரி மாவட்டத்தில் முதல் குழுக்கள் உருவாயின. அன்றிலிருந்து இன்றுவரை குழுக் கடன் என்றால் ஆடு, மாடு, கோழி மூன்றும் கூடவே வருகின்றன. அதிலும் கோழிக்கு முதல் கம்மி. சொந்த நிலம் வேண்டாம். ஒரு அடைக்கோழி, பத்து முட்டை, ஒரு கூடை இருந்தால் ஆரம்பித்துவிடலாம். "கோழிக் காசு பொம்பளைக் காசு, அதுல ஆம்பளை கை வைக்க மாட்டான்" என்று என் மாமியார் சொல்வார்.

டாக்டர் ஐயா வெள்ளைக்கழிச்சல் பற்றியும், பிப்ரவரியில் நடக்கும் தடுப்பூசி முகாம் பற்றியும் விளக்கமாகச் சொல்லிவிட்டார். அதனால் நான் அதற்குள் போகவில்லை. எனக்குக் கொடுத்திருக்கும் இருபது நிமிடத்தில் ஒரே ஒரு விஷயம்தான் பேசப் போகிறேன். குஞ்சு பொரித்தால் பாதி சேவலாக வரும். அந்தச் சேவல்களை என்ன செய்வது?

சிரிக்கிறீங்க. "குழம்பு வெச்சிட்டா போச்சு, இது ஒரு பிரச்சனையா?"ன்னு யாரோ சொல்றது காதுல விழுது. சரி, குழம்பும் ஒரு வழிதான், அதற்கும் வருகிறேன். ஆனால் கோழிக்குக் கடன் வாங்கி, தவணை கட்ட முடியாமல் நம் கூட்டத்தில் கண் கலங்கியவர்கள் கதையைக் கேட்டால், நோயால் நஷ்டப்பட்டவர்களுக்கு அடுத்தபடியாகச் சேவலால் நஷ்டப்பட்டவர்கள்தான் இருக்கிறார்கள்.

ஒரு தங்கச்சி உள்கடன் ஐயாயிரம் வாங்கி இரண்டு அடை வைத்தாள். பதினாறு குஞ்சு பொரித்தன. காக்காய், பூனை தின்றது போகப் பதினொன்று தேறின. அதில் ஏழு சேவல். வாடகை வீடு. நாலாவது மாதம் ஏழும் ஒன்றையொன்று பார்த்துக் கூவ ஆரம்பித்தன. விடியற்காலை நாலு மணிக்கு அந்தத் தெருவே எழுந்துகொண்டது. நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்து தூங்குகிற பையன் ஒருத்தன் எதிர் வீட்டில். வீட்டு ஓனர் வந்து, "கோழி காலியாகணும், இல்லன்னா நீங்க காலி பண்ணணும்" என்று சொல்லிவிட்டார். ஒரே நாளில் ஏழையும் விற்றாள். அவசரம் என்று தெரிந்தால் வாங்குகிறவர் என்ன விலை கேட்பார்? பாதி விலைக்குத்தான் போயின. இரண்டு மாதம் தவணை நின்றது.

இன்னொரு அக்கா வீட்டில் சத்தப் பிரச்சனை இல்லை. அங்கே விருந்தாளிப் பிரச்சனை. மச்சான் வந்தால் ஒரு சேவல். நாத்தனார் வீட்டுக்காரர் வந்தால் ஒரு சேவல். ஆறு மாதம் தீவனம் போட்டு வளர்த்தது அந்த அக்கா. அடிக்கச் சொன்னது வேறு ஆள். வருஷக் கடைசியில் நோட்டைத் திறந்தால் செலவுப் பக்கம் நிறைந்திருக்கிறது, வரவுப் பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை. பொம்பளைக் காசு என்று சொன்ன காசு குழம்பில் போய்விட்டது.

இரண்டு வீட்டிலும் நடந்தது ஒன்றுதான். சேவலை என்ன செய்வது என்று வளர்த்தவள் முடிவு செய்யவில்லை. அதனால் வீட்டு ஓனர் முடிவு செய்தார், விருந்தாளி முடிவு செய்தார். நான் இன்று சொல்ல வந்தது இவ்வளவுதான்: முட்டையை அடை வைப்பதற்கு முன்பே, வரப்போகிற சேவல்களுக்கு ஒரு முடிவு எடுத்து, அதை நோட்டில் எழுதிவிடுங்கள்.

பாதி என்பது சராசரிதான்

எட்டுக் குஞ்சு பொரித்தால் நாலு பெட்டை, நாலு சேவல் என்று நாம் மனக்கணக்குப் போடுகிறோம். ஆனால் காசு சுண்டிப் பாருங்கள். எட்டுத் தடவை சுண்டினால் சரியாக நாலு பூ, நாலு தலை எப்போதும் விழுகிறதா? எட்டுக் குஞ்சில் ஐந்தோ அதற்கு மேலோ சேவலாக வருவதற்கு மூன்றில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் அதிகமாகவே வாய்ப்பு இருக்கிறது. அதனால் திட்டம் போடும்போது எட்டுக்கு ஆறு சேவல் வந்தால் என்ன செய்வேன் என்று போடுங்கள். கம்மியாக வந்தால் சந்தோஷம்.

கூர்மையான முட்டை சேவல், உருண்டை முட்டை பெட்டை என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதற்கு ஆதாரம் கிடையாது. முட்டையின் உருவத்தை வைத்தோ, நூலில் மோதிரம் கட்டி ஆட்டிப் பார்த்தோ ஆணா பெண்ணா என்று கண்டுபிடிக்க முடியாது.

இதில் நமக்கு ஒரு சுவாரசியமான விஷயம் இருக்கிறது. மனிதர்களில் பிள்ளை ஆணா பெண்ணா என்பது அப்பாவிடமிருந்து வரும் குரோமோசோமைப் பொறுத்தது. அது தெரியாமல் எத்தனை மாமியார்கள் மருமகளைக் குறை சொல்லியிருக்கிறார்கள்! பறவைகளில் அது தலைகீழ். குஞ்சு ஆணா பெண்ணா என்பது தாய்க்கோழி போடும் முட்டையைப் பொறுத்தது. அதற்காகப் போய் கோழியைத் திட்டாதீர்கள். அதன் கையிலும் ஒன்றும் இல்லை.

நாட்டுக்கோழிக் குஞ்சில் முதல் வாரத்தில் நம்மால் அடையாளம் சொல்ல முடியாது. ஆறு முதல் எட்டு வாரத்தில் கொண்டை பெரிதாகிச் சிவக்கிறதா, கால் தடிமனாகிறதா என்று பாருங்கள். பத்துப் பன்னிரண்டு வாரத்தில் கழுத்திலும் முதுகின் பின்பக்கமும் நீளமான, கூரான, பளபளப்பான இறகு வந்தால் அது சேவல். பெட்டைக்கு அந்த இறகு முனை மழுங்கி வட்டமாக இருக்கும். கூவும்வரை காத்திருக்க வேண்டாம். அது கூவும்போது தெருவுக்கே தெரிந்துவிடும்.

பெரிய பண்ணையில் என்ன செய்கிறார்கள்?

நம் தெருவில் கூடையில் வைத்துப் பச்சை, ரோஸ், மஞ்சள் என்று சாயம் போட்ட கலர் குஞ்சு விற்பார்களே, நம் பிள்ளைகள் அழுது வாங்குமே, அவை பெரும்பாலும் என்ன தெரியுமா? முட்டைக்கோழி இனத்தின் சேவல் குஞ்சுகள். முட்டைப் பண்ணைக்குப் பெட்டை மட்டும்தான் வேண்டும். அந்த இனத்துச் சேவல் முட்டையும் போடாது, பிராய்லர் மாதிரி கறியும் வைக்காது. அதனால் பொரித்த அன்றே பிரித்துத் தள்ளிவிடுவார்கள். உலகம் முழுவதும் வருஷத்துக்குப் பல நூறு கோடிச் சேவல் குஞ்சுகள் பிறந்த நாளிலேயே கொல்லப்படுகின்றன. ஜெர்மனியில் 2022 ஜனவரி முதல் இதைச் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள். முட்டைக்குள் இருக்கும்போதே ஆணா பெண்ணா என்று பார்க்கும் இயந்திரங்களை அங்கே பயன்படுத்துகிறார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அவர்களுக்கு இல்லாத ஒரு வசதி நமக்கு இருக்கிறது. நாட்டுச்சேவலுக்கு விலை உண்டு. அவர்கள் வேண்டாம் என்று தள்ளுவது நம் கையில் வரவு. நேரம் தெரிந்து வளர்த்து, நேரம் தெரிந்து விற்றால் மட்டும்தான் அது வரவு. நேரம் தப்பினால் அது தீவனம் தின்கிற செலவு.

எத்தனை வைத்துக்கொள்வது?

முதல் கேள்வி: உங்களுக்குச் சேவலே வேண்டுமா? வீட்டுக்கு முட்டை மட்டும் போதும் என்றால் சேவல் தேவையே இல்லை. சேவல் இல்லாமலே பெட்டைக்கோழி முட்டை போடும். அந்த முட்டை குஞ்சு பொரிக்காது, அவ்வளவுதான். சாப்பிட அதே முட்டைதான். சந்துக்குள் வாடகை வீட்டில் இருப்பவர்கள் அடை வைக்கவே வேண்டாம். முட்டை போடப் போகிற வெடக்கோழியாக நாலைந்து வாங்கி வளருங்கள். குஞ்சு பொரிக்கும் வேலையை இடம் இருக்கும் உறுப்பினர்களுக்கு விட்டுவிடுங்கள். நேமம், குத்தம்பாக்கம் பக்கம் தோட்டத்தோடு வீடு இருக்கும் உறவுக்காரர்கள் நம்மில் பலருக்கு உண்டு. அங்கே பொரிக்கட்டும், நாம் வெடக்கோழியாக வாங்குவோம்.

குஞ்சு பொரிக்க வேண்டும் என்றால் எட்டு முதல் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். இரண்டாவதாக ஒன்று கைவசம் வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் வைத்தால் பெட்டைகளின் முதுகில் இறகு உதிர்ந்து புண்ணாகும். சேவல்கள் ஒன்றையொன்று கொத்தி ரத்தம் வரும்.

வீட்டில் பொரித்த சேவலையே அடுத்த வருஷம் அந்தக் கூட்டத்தோடு விடாதீர்கள். தாயோடும் கூடப்பிறந்ததோடும் சேர்ந்தால் போகப்போக முட்டை சரியாகப் பொரிக்காது, குஞ்சு சோப்ளாங்கியாக வரும். இதற்கு மாற்றுவழி நம் கூட்டமைப்பிலேயே இருக்கிறது. உங்கள் நல்ல சேவலை அடுத்த குழுவுக்குக் கொடுங்கள், அவர்கள் சேவலை நீங்கள் வாங்குங்கள். காசு கைமாற வேண்டியதில்லை. ஒன்று மட்டும் கவனம்: வெளியிலிருந்து வரும் சேவலை மூன்று வாரம் தனிக் கூண்டில் வைத்து, நோய் இல்லை என்று பார்த்த பிறகே கூட்டத்தோடு விட வேண்டும்.

மிச்சச் சேவலுக்குத் தனிக் கூண்டு, தனித் தேதி

வைத்துக்கொள்வது போக மிச்சம் உள்ள சேவல்களை மூன்றாவது மாதமே பெட்டையிடமிருந்து பிரித்துவிடுங்கள். ஒன்றாக வளர்ந்த சேவல்கள், கண்ணில் பெட்டை படாமல் இருந்தால், ஓரளவு சண்டை இல்லாமல் இருக்கும். தீவனம் போட்டு வளர்த்தால் நாலு, ஐந்து மாதத்தில் ஏறக்குறைய ஒன்றேகால் முதல் ஒன்றரைக் கிலோ வரும். அதுதான் விற்கும் நேரம். அதற்குப் பிறகு எடை மெதுவாகத்தான் ஏறும், ஆனால் தின்பது குறையாது. வளர்ந்த சேவல் நாளைக்குச் சுமார் 100 கிராம் தின்னும். மாதம் 3 கிலோ. ஐந்து சேவலை ஆறு மாதம் சும்மா வைத்திருந்தால் 90 கிலோ தீவனம். கிலோ 35 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 3,150 ரூபாய். கிராமத்தில் என்றால் மேய்ந்துவிட்டு வரும். இங்கே மெட்ரோ தூணுக்கும் கடைவாசலுக்கும் நடுவில் எதை மேயும்? எல்லாம் நம் கைச்செலவுதான்.

விற்கும் தேதியை முதலில் குறித்துக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கி எண்ணி அடை வையுங்கள். பொரிக்க 21 நாள், வளர ஐந்து மாதம்.

ஆடி மாதம் நம் பக்கம் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. திருவேற்காடு, மாங்காடு என்று கூட்டம் அலைமோதும். தெருவுக்குத் தெரு கூழ் ஊற்றுவார்கள். வேண்டுதலுக்கும் சமையலுக்கும் சேவல் தேடுவார்கள். ஆடிக்கு விற்க வேண்டுமானால் தை கடைசியில் அடை வைக்க வேண்டும். மாசி நடுவில் பொரிக்கும். ஆடி பிறக்கும்போது எடைக்கு வந்துவிடும்.

தீபாவளிக்கு என்றால் வைகாசி முதல் பாதியில் அடை வையுங்கள். அது கத்திரி வெயில் நேரம். முட்டை கெடாமல் இருக்க நிழலான, காற்றோட்டமான மூலையாகப் பார்த்து வைத்து, அடைக்கோழிக்குப் பக்கத்திலேயே தண்ணீர் வையுங்கள்.

காணும் பொங்கலுக்கு என்றால் ஆடிக் கடைசியில் அடை. ஆவணி நடுவில் பொரித்தால், ஐப்பசி மழை வருவதற்குள் குஞ்சுக்கு இறகு முளைத்துவிடும்.

எந்தக் கணக்கிலும் புரட்டாசியில் விற்கும்படி மாட்டிக்கொள்ளாதீர்கள். அந்த மாதம் பாதிப் பேர் கவிச்சி சாப்பிட மாட்டார்கள். விலையும் இறங்கும், சேவலும் நின்று தின்னும். ஆடியில் விற்காமல் "இன்னும் கொஞ்சம் எடை ஏறட்டும்" என்று விட்டால் நேராகப் புரட்டாசியில்தான் போய் நிற்போம்.

கூவுவதை நிறுத்த முடியுமா?

"கூடையைப் போட்டு மூடி இருட்டாக்கிட்டா கூவாதாமே அக்கா?" என்று பலர் கேட்கிறார்கள். ஜப்பானில் நாகோயா பல்கலைக்கழகத்தில் இதை ஆராய்ந்து 2013-ல் வெளியிட்டார்கள். வெளிச்சமே மாறாத அறையில் வைத்தாலும், விடியும் நேரத்தை உடம்புக்குள் இருக்கும் கடிகாரத்தை வைத்தே சேவல் தெரிந்துகொள்கிறது. மூடி வைத்தால் சத்தம் கொஞ்சம் அமுங்கும், நிற்காது. பல சேவல் இருந்தால் அவற்றில் பெரியண்ணன் முதலில் கூவும், மற்றவை வரிசையாகப் பின்னால் கூவும் என்றும் அவர்களே பிறகு கண்டுபிடித்தார்கள். அதனால் ஒரு சேவல் என்றால் ஒரு சத்தம். ஏழு சேவல் என்றால் கச்சேரி.

பிரான்ஸ் நாட்டில் மோரிஸ் என்று ஒரு சேவல். விடியற்காலையில் கூவுகிறது என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் கோர்ட்டுக்கே போய்விட்டார்கள். 2019-ல் சேவல் பக்கம் தீர்ப்பு வந்தது. கேட்க நன்றாக இருக்கிறது. நமக்குக் கோர்ட்டுக்குப் போக நேரமும் இல்லை, காசும் இல்லை. நமக்குத் தேவை தீர்ப்பு இல்லை, பக்கத்து வீட்டுக்காரரின் தயவு. ஒரே சேவல் வைத்துக்கொள்ளுங்கள், கூண்டை அவர்கள் ஜன்னல் பக்கம் வைக்காதீர்கள், வாரத்துக்கு இரண்டு முட்டை அந்த வீட்டுக்குக் கொடுத்துப் பாருங்கள்.

செய்யக் கூடாதவை

ஏரிக்கரையிலோ, கோயில் வாசலிலோ, குப்பைமேட்டிலோ சேவலை விட்டுவிட்டு வராதீர்கள். "எங்கேயாவது பொழைச்சிக்கும்" என்று சொல்வது நம் மனசாட்சிக்கு நாம் சொல்லும் பொய். அன்று ராத்திரியே நாய்க்குப் போகும்.

நல்ல உயரமான சேவலைப் பார்த்தால் சண்டைக்கு விடக் கேட்டு ஆள் வருவார்கள், விலையும் அதிகம் சொல்வார்கள். விலங்குகளைச் சண்டைக்குத் தூண்டுவது 1960-ஆம் வருஷத்து விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். பந்தயம், கத்தி, போலீஸ் என்று போகும் வழி அது. குழுவின் பெயர் அந்தப் பக்கம் போகக் கூடாது.

சேவல் என்று தெரிந்ததும் சின்னக் குஞ்சைப் பட்டினி போட்டு விடுவதும் வேண்டாம். உயிரை வளர்ப்பதானால் ஒழுங்காக வளர்ப்போம். அறுப்பதானால் துன்பம் இல்லாமல் அறுப்போம். வீட்டில் அறுப்பவர்கள் கூர்மையான கத்தி வையுங்கள், மற்றக் கோழிகள் எதிரில் செய்யாதீர்கள், இறகையும் குடலையும் கால்வாயில் போடாதீர்கள். மனசு வராதவர்கள் கறிக்கடையில் கொடுத்து அறுத்து வாங்குங்கள். மனசு வராதது ஒரு குறை இல்லை. அப்படிப்பட்டவர்கள் சேவலுக்குப் பெயர் வைக்காமல் இருந்தால் நல்லது. பெயர் வைத்த பிறகு விற்பது கஷ்டம்.

இப்போது குழம்புக்கு வருகிறேன். வீட்டுச் சாப்பாட்டுக்கு என்று கணக்கில் எழுதி வையுங்கள். ஆறில் இரண்டு வீட்டுக்கு, மூன்று விற்பனைக்கு, ஒன்று மாற்றிக்கொள்ள, இப்படி. வீட்டுக்கு அறுப்பதை நம் பிள்ளைகள் சாப்பிடட்டும், நாமும் சாப்பிடுவோம். ரத்தசோகை என்று மாத்திரை வாங்கிக்கொண்டு, கறியை எல்லோருக்கும் வைத்துவிட்டுக் குழம்பு மட்டும் ஊற்றிச் சாப்பிடுகிறவர்கள் இந்த மண்டபத்தில் எத்தனை பேர் என்று கை தூக்கச் சொன்னால் எனக்கும் கை தூக்க வேண்டியிருக்கும். விருந்தாளி வந்தால் அந்த இரண்டிலிருந்து எடுங்கள். மிச்ச மூன்றும் குழுவின் கடனுக்கு ஈடு. "அது குழுச் சேவல் அண்ணா, நோட்டுல எழுதியிருக்கு" என்று சொல்லுங்கள். எழுதி வைத்திருந்தால் அதைச் சொல்ல நமக்கு வாய் வரும்.

கூட்டமைப்புக்கு மூன்று வேண்டுகோள்

முதலாவது: கோழிக்கு உள்கடன் கேட்டு வரும் உறுப்பினரிடம் "எத்தனை முட்டை அடை வைக்கிறே?" என்று கேட்பதோடு, "சேவலை என்ன செய்யப் போறே, எந்த மாசம் விக்கப் போறே?" என்றும் கேட்டு நோட்டில் எழுதிய பிறகு கடன் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது: வருஷத்துக்கு ஒரு நாள், தடுப்பூசி முகாம் முடிந்த பிறகு, சேவல் மாற்றும் நாள் என்று ஒன்று வைக்க வேண்டும்.

மூன்றாவது: சேவலைச் சேர்ந்து விற்க வேண்டும். ஒருத்தி இரண்டு சேவலைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனால் கடைக்காரர் சொல்வதுதான் விலை. பத்துப் பேர் சேர்ந்து நாற்பது சேவல் என்றால் அவர் நம்மைத் தேடி வருவார், நம் தராசில் எடை போடலாம்.

பயிற்சி வேண்டுமானால் காட்டுப்பாக்கத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. பக்கத்து ஸ்டாப்பிங் காட்டுப்பாக்கம் என்று நினைத்துக் கிளம்பிவிடாதீர்கள்! இது பொத்தேரி பக்கம் இருக்கும் காட்டுப்பாக்கம். கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. கூட்டமைப்பு மூலமாகக் கேட்டால் குழுவாகப் போய் வரலாம்.

அடுத்த தை மாதம் அடை வைக்கப் போகிறவர்கள் இன்று வீட்டுக்குப் போனதும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மேலே "சேவல்" என்று எழுதி, வைத்துக்கொள்வது, மாற்றுவது, விற்பது, வீட்டுக்கு என்று நாலு கோடு போடுங்கள். விற்பதற்கு எதிரில் மாதத்தை எழுதுங்கள். அந்தப் பக்கத்தை அடுத்த கூட்டத்தில் உங்கள் குழுவுக்குக் காட்டுங்கள்.